வானத்துக்கு ஒரு நெகடிவ், நிலத்துக்கு ஒரு நெகடிவ்

வெளிச்சமான வானத்தையும் இருண்ட நிலத்தையும் ஒரே படத்தில் சரியாகக் காட்டுவது ஒளிப்படக் கலையின் மிகப் பழைய சிக்கல்களில் ஒன்று. வானத்துக்கு ஏற்ப ஒளியை அளந்தால் மலையும் மரமும் கரியாகிவிடும். நிலத்துக்கு ஏற்ப அளந்தால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். இன்று போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் லேயர் மாஸ்க் என்ற வசதியைக் கொண்டு இரண்டு படங்களை ஒன்றாக இணைத்து இதைச் சரிசெய்கிறார்கள். இந்த முறை கணினியோடு பிறந்ததல்ல. படத்தை வானம், நிலம் என இரண்டாகப் பிரித்து, ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பதிக்கும் உத்தி 1850-களிலேயே பிரான்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்பின் வந்தவர்கள் கருவிகளை மாற்றினார்கள், உத்தி மாறவில்லை.

சிக்கலின் இரண்டு வேர்கள்

வானம் வெளுத்துப்போவதற்குத் தொடக்க காலத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது நிறம் பற்றியது. டாகுவேர் தம் ஒளிப்பட முறையை 1839-இல் வெளியிட்டதிலிருந்து அடுத்த சில பத்தாண்டுகள் வரை பயன்பட்ட வெள்ளி உப்புகள் நீலம், ஊதா, புறஊதா ஒளிக்கு மட்டுமே நன்றாக வினைபுரிந்தன. பச்சை அவற்றுக்கு மங்கலாகத் தெரிந்தது. சிவப்பு தெரியவே இல்லை. ஆகவே நீல வானம் தகட்டில் மிக வேகமாகப் பதிந்தது. பச்சைப் புல்வெளியும் செம்மண்ணும் மெதுவாகப் பதிந்தன. நிலம் பதிந்து முடியும் வரை மூடியைத் திறந்து வைத்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, நீலத்துக்கும் வெண்மேகத்துக்கும் இடையிலான வேறுபாடு அழிந்துவிடும்.

இரண்டாவது காரணம் ஒளியின் அளவு பற்றியது. ஒளிப்படக்காரர்கள் வெளிச்சத்தை ‘ஸ்டாப்’ கணக்கில் அளக்கிறார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு. வெயில் பட்ட மேகத்துக்கும் மரத்தடி நிழலுக்கும் இடையே பத்து ஸ்டாப் வேறுபாடு, அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, எளிதாக வந்துவிடும். அச்சிட்ட தாளில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கைத் தாண்டுவது அரிது. காட்சியில் உள்ள ஆயிரத்தைத் தாளில் உள்ள நூறுக்குள் அடக்கியாக வேண்டும். முதல் காரணத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் தீர்த்துவிட்டது. இரண்டாவது காரணம் டிஜிட்டல் கேமரா வந்த பிறகும் தீரவில்லை. மாஸ்க் இன்றுவரை நிலைத்திருப்பது அதனால்தான்.

மதுரையின் மேல் தூரிகை மேகங்கள்

1840-களிலும் 50-களிலும் எடுக்கப்பட்ட பெரும்பாலான இயற்கைக் காட்சிப் படங்களில் வானம் வெறுமையாக இருக்கும். பலர் அதை அப்படியே ஏற்றார்கள். நெகடிவில் வானத்தின் பகுதி கறையும் புள்ளியுமாக வந்துவிடும்போது, கட்டடத்தின் விளிம்பை ஒட்டிக் கறுப்பு மை தீட்டி வானம் முழுவதையும் மறைத்துவிடுவதும் வழக்கம். மை பூசிய இடத்தில் ஒளி புகாது. அச்சில் அங்கே தாளின் வெண்மை மட்டும் எஞ்சும்.

வெறும் வெள்ளையை ஏற்காத சிலர் நெகடிவிலேயே மேகம் வரைந்தார்கள். தமிழ்நாட்டின் தொடக்க கால ஒளிப்படங்களில் இதற்கு நல்ல சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்தார். பிறகு சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1857 முடிவிலும் 1858 தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமாக்கினார். அவர் பயன்படுத்தியவை மெழுகு தடவிய காகித நெகடிவ்கள். உலர்ந்த நிலையிலேயே எடுத்துச் செல்ல முடிந்ததால் நீண்ட பயணங்களுக்கு அவை உகந்தவை. ஆனால் அவற்றில் பதிய நெடுநேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நகரும் மேகம் கலைந்து கரைந்துவிடும். டிரைப் தம் நெகடிவ்கள் பலவற்றில் வண்ணக் குழம்பைத் தொட்டு மேகங்களைத் தீட்டினார். இலைத் திரள்களையும் அதே வழியில் எடுப்பாக்கினார். நெகடிவில் குழம்பு தடவிய இடம் ஒளியைத் தடுப்பதால் அச்சில் அது வெளிர் நிறமாக வரும். அவர் படங்களின் வானத்தில் தெரியும் மேகங்களில் கணிசமானவை தூரிகையில் பிறந்தவை. 1859-இல் ஆளுநர் சார்லஸ் டிரவெலியன் செலவைக் காரணம் காட்டி அந்தப் பணியை நிறுத்திவிட்டார்.

தூரிகை மேகம் பார்க்க இனிமையாக இருந்தாலும் அது ஓவியம்தான். வானத்தையும் கேமராவால்தான் பிடிக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் வேறு வழி தேடினார்கள்.

பிரான்சில் பிறந்த இணைப்பு அச்சு

1851-இல் பிரெஞ்சு அரசு நாட்டின் பழங்கட்டடங்களைப் படமெடுக்க ஐந்து ஒளிப்படக்காரர்களை அனுப்பியது. இப்போலித் பயார், எதுவார் பால்தியூஸ், குஸ்தாவ் லெ கிரே ஆகிய மூவரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். பால்தியூஸ் ஆர்ல் நகரத்துத் துறவிமடத்தின் தாழ்வாரத்தை எடுத்தபோது, இருண்ட உட்புறமும் வெயில் விழும் முற்றமும் ஒரே நெகடிவில் அடங்கவில்லை. ஏறத்தாழ பத்துக் காகித நெகடிவ்களைத் தனித்தனியே எடுத்து, தேவையான துண்டுகளை வெட்டி ஒட்டி, இணைப்புகளை மையால் மறைத்து ஒரே படமாக்கினார். பயார் 1852-இல் வானத்துக்கென்று தனி நெகடிவ் எடுத்து, அதை நிலக்காட்சியோடு சேர்த்து அச்சிடலாம் என்று பரிந்துரைத்தார்.

அந்த உத்தியைப் புகழ்பெறச் செய்தவர் லெ கிரே. ஓவியம் பயின்ற அவர்தான் மெழுகுக் காகித முறையை உருவாக்கியவர். டிரைப் தென்னிந்தியாவில் கையாண்டது அந்த வகை நெகடிவையே. 1856, 57 ஆண்டுகளில் நார்மண்டி கரையிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் அவர் எடுத்த கடற்காட்சிகள் லண்டனிலும் பாரிசிலும் பெரும் வியப்பை உண்டாக்கின. ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டில் அலை உறைந்து நின்றது. அதன் மேல் மேகமும் தெளிவாக நின்றது. சில படங்களை அவர் ஒரே நெகடிவில் எடுத்தார். கதிரொளியும் கடலும் மேகமும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியில் இருக்கும் நேரங்களில் அது முடிந்தது. வேறு பலவற்றில் வானத்துக்கும் கடலுக்கும் தனித்தனி நெகடிவ். செத் துறைமுகத்தில் 1857-இல் எடுத்த ‘பெரும் அலை’ இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இரண்டு நெகடிவ்களும் தொடுவானக் கோட்டில் சந்திக்கின்றன. ஒரே மேக நெகடிவை அவர் வெவ்வேறு கடற்காட்சிகளுக்கும் பயன்படுத்தினார் என்பது பிற்கால ஆய்வாளர்கள் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது வெளிப்பட்டது. ‘பெரும் அலை’யின் ஒரு பிரதி 1999-இல் லண்டன் ஏலத்தில் 5,07,500 பவுண்டுக்கு விற்று, அதுவரை எந்த ஒளிப்படமும் எட்டாத விலையைப் பெற்றது.

கடல் இதற்கு வசதியான களம். தொடுவானம் நேர்கோடு, அங்கே இணைப்பு விழுந்தால் கண்டுபிடிப்பது கடினம். மரம், கோபுரம், மலைமுகடு என்று வானத்தைக் குத்தி நிற்கும் உருவங்கள் வந்தால் வேலை பல மடங்கு நுணுக்கமாகிவிடும். கமீல் சில்வி 1858-இல் வழங்கிய பிரெஞ்சு ஆற்றுக்காட்சி அந்தச் சவாலை எடுத்துக்கொண்ட படம். கரையோர மரங்களுக்கு மேலே உள்ள வானம் தனி நெகடிவிலிருந்து வந்தது.

அச்சுச் சட்டத்துக்குள் நடந்தது

இந்த முறையில் அச்சிடுவது பொறுமை கேட்கும் வேலை. அக்காலத் தாள் முட்டை வெள்ளைக்கருவும் வெள்ளி உப்பும் பூசியது. என்லார்ஜர் என்ற உருப்பெருக்கி அன்று பரவலாக இல்லை. நெகடிவ் எந்த அளவோ, அச்சும் அந்த அளவே. நெகடிவையும் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மரச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைப்பார்கள். தாள் கண்ணெதிரே மெல்ல மெல்லக் கறுக்கும். சட்டத்தின் பின்பலகை கீலில் மடியும்படி இருந்ததால், ஒரு பாதியைத் திறந்து தாள் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நில நெகடிவ். அதில் வானம் இருக்கும் பகுதியைக் கறுப்பு மையாலோ கறுப்புத் தாளாலோ மூடிவிட்டு அச்சிடுவார்கள். நிலம் பதிந்து, வானம் வெள்ளையாக எஞ்சும். அடுத்து மேக நெகடிவை அதே தாளின் மேல் சரியான இடத்தில் பொருத்துவார்கள். இப்போது ஏற்கெனவே பதிந்த நிலத்தை மூட வேண்டும். அதற்கென நிலத்தின் வெளிக்கோட்டை ஒட்டி வெட்டிய அட்டையோ, விளிம்பில் பரப்பிய பஞ்சோ பயன்படும். அட்டையைத் தாளோடு ஒட்டி வைத்தால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விழும். ஆகவே அதைக் கண்ணாடிக்கு மேலே சற்று உயர்த்திப் பிடித்து, வெயிலில் இருக்கும் நேரம் முழுவதும் மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பார்கள். அப்போது நிழல் விளிம்பு கலங்கி, வானம் நிலத்தோடு இழைந்துவிடும். இன்றைய மென்பொருளில் ‘ஃபெதர்’ என்ற கட்டளை செய்வது இதே வேலையைத்தான்: மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்குவது.

ஒவ்வொரு பிரதிக்கும் இத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் மேகம் சற்றே இடம் மாறியிருப்பதும், தொடுவானத்தில் மெல்லிய கறுப்புக் கோடோ வெள்ளைக் கோடோ தெரிவதும் உண்டு. நிலத்தை மூடும் அட்டை கீழிறங்கினால் இருமுறை பதிந்து கறுப்புக் கோடு. மேலேறினால் எதுவுமே பதியாமல் வெள்ளைக் கோடு. லேயர் மாஸ்க்கில் மலை விளிம்பைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்குக் காரணமும் இத்தகைய பொருத்தப் பிழையே.

மேக வணிகம்

இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857-இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ஒரு நீதிக்கதைப் படம் உருவாக்கினார். மறு ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களிலிருந்து, நோயில் மெலிந்து இறக்கும் இளம்பெண்ணின் படத்தை வெளியிட்டார். இவை மனித உருவங்களை இணைத்தவை. கடும் எதிர்ப்பும் கிளம்பியது. ஆனால் வானத்தை இணைப்பதை அப்படி எதிர்த்தவர்களே பெரிதும் பொறுத்துக்கொண்டார்கள். மேகத்தைக் கண் பார்த்தது, தகடுதான் தவறவிட்டது, ஆகவே அதைத் திரும்ப வைப்பது பொய்யல்ல என்பது அவர்கள் வாதம். ராபின்சன் 1869-இல் வெளியிட்ட ஒளிப்பட அழகியல் நூல் இந்த இணைப்பு முறையைப் பயில விரும்பியவர்களிடையே பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது.

வானத்துக்குத் தேவை பெருகியதும் மேக நெகடிவ்களைத் தயாராக எடுத்து விற்கத் தொடங்கினார்கள். வாங்குபவர் தம் படத்துக்கு ஏற்ற மேகத்தைத் தேர்ந்து அச்சிட வேண்டியதுதான். அங்கேதான் பிழைகள் மலிந்தன. நிலத்தில் நிழல் இடப்பக்கம் விழ, மேகத்தின் ஒளியும் இடப்பக்கத்திலிருந்தே வரும். உச்சிவெயில் காட்சியின் மேல் அந்திமேகம் தொங்கும். ஏரி நீரில் மேகத்தின் பிரதிபலிப்பு இருக்காது. வேலை தெரிந்தவர்கள் சொன்ன விதி எளிமையானது: மேகத்தையும் நிலத்தையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே திசை நோக்கி எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வேறொரு வழியை முயன்றார். குதிரையின் ஓட்டத்தைப் பிரித்துக் காட்டியதால் பின்னாளில் புகழ்பெற்ற அவர், யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படமெடுத்த காலத்தில், 1869-இல், ‘வான் மறைப்பு’ என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். தகடு பதிந்துகொண்டிருக்கும்போதே வானத்தின் பகுதியை மட்டும் முன்கூட்டி மூடும் மறைப்பு அது. இரண்டு நெகடிவுக்குப் பதில் ஒரே நெகடிவில் இரண்டு அளவு ஒளி. ஆயினும் அவரும் மற்றவர்களைப் போலவே தனி மேக நெகடிவ்களையும் தாராளமாகக் கையாண்டார்.

வேதியியல் தீர்த்த பாதி

1873-இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகெல், தகட்டின் பூச்சில் சில சாயங்களைக் கலந்தால் அது பச்சை ஒளிக்கும் வினைபுரியும் என்று கண்டார். இதன் வழியே 1880-களில் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் விற்பனைக்கு வந்தன. இவற்றோடு மஞ்சள் வடிகட்டியை லென்ஸில் மாட்டினால் நீலம் அடங்கி, மேகம் நீலத்திலிருந்து பிரிந்து தெரியும். 1906-இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் சிவப்பு உட்பட எல்லா நிறங்களுக்கும் வினைபுரியும் பான்குரோமாட்டிக் தகடுகளை வெளியிட்டது. சிவப்பு வடிகட்டியால் வானத்தை ஏறக்குறையக் கறுப்பாக்கவும் இப்போது முடிந்தது. அன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது, மஞ்சள் வடிகட்டியில் ஒரு தகடு எடுத்துவிட்டு, எஞ்சியிருந்த கடைசித் தகட்டைச் சிவப்பு வடிகட்டியில் எடுத்தார். கறுத்த வானத்தின் முன் பாறை எழுந்து நிற்கும் அந்தப் படம் அவருக்குப் பெயர் தந்த முதல் படங்களில் ஒன்று.

இதோடு தனி மேக நெகடிவின் தேவை தேய்ந்தது. நீலத்தால் வந்த சிக்கல் தீர்ந்தது. ஒளி அளவால் வந்த சிக்கல் நின்றது. வெயில் மேகமும் நிழல் பள்ளத்தாக்கும் நெகடிவில் அடங்கினாலும் தாளில் அடங்கவில்லை. போராட்டம் கேமராவிலிருந்து இருட்டறைக்கு மாறியது.

இருட்டறையில் கையும் அட்டையும்

என்லார்ஜர் பரவியபின் ஒளிக்கற்றைக்கும் தாளுக்கும் இடையே கை நுழைக்க இடம் கிடைத்தது. ஓரிடத்துக்குப் போகும் ஒளியைக் கம்பியில் கட்டிய சிறு அட்டையால் சிறிது நேரம் மறைத்தால் அவ்விடம் வெளிறும், இது டாட்ஜிங். மற்ற இடத்தை மறைத்து ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி விட்டால் அவ்விடம் கறுக்கும், இது பர்னிங். வானத்தைப் பர்ன் செய்யும்போது தொடுவான வடிவில் வெட்டிய அட்டையை அசைத்துக்கொண்டே பிடிப்பார்கள். வெயில் சட்டத்தில் நடந்த அசைவேதான் இங்கும். மென்பொருளில் இந்த இரு கருவிகளுக்கு இன்றும் கம்பி அட்டையும் குவித்த கையுமே சின்னங்கள்.

ஆடம்ஸ் இதை ஒரு கணக்கு முறையாக வளர்த்தார். ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 1940-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலஸில் வகுத்த ‘மண்டல முறை’ காட்சியின் வெளிச்சத்தைச் சுழியம் முதல் பத்து வரை பதினொரு படிகளாகப் பிரித்தது. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் ஒரு ஸ்டாப் வேறுபாடு. எந்தப் பொருள் எந்தப் படியில் விழ வேண்டும் என்று எடுக்கும்போதே முடிவுசெய்து, அதற்கேற்ப ஒளியையும் கழுவும் நேரத்தையும் அமைப்பது இதன் அடிப்படை.

நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் 1941-இல் அவர் எடுத்த நிலவெழுச்சிப் படம் இந்த வரலாற்றில் தனி இடம் பெற்றது. நிலவின் நிலையைக் கணக்கிட்ட வானியலாளர் ஒருவர் அந்த நாள் நவம்பர் 1 என்று கண்டார். கதிரவன் மறைந்துகொண்டிருந்தான்; கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெளிச்சம் விழுந்திருந்தது. ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் வெளிச்ச அளவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவிருந்ததால் அதை வைத்துக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது. நெகடிவில் ஊர்ப்பகுதி மெலிந்திருந்தது. 1948-இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை மட்டும் செறிவூட்டும் கரைசலில் முக்கி அதை வலுப்படுத்தினார். வானத்தை ஒவ்வொரு பிரதியிலும் அட்டை கொண்டு பர்ன் செய்தார். 1940-களின் பிரதிகளில் வானம் சாம்பல் நிறத்தில், மெல்லிய மேகங்களோடு இருக்கிறது. 1970-களின் பிரதிகளில் அது ஏறக்குறையக் கருவானம். நெகடிவ் ஒன்றே, நிலத்துக்கும் வானத்துக்கும் இடையிலான கணக்கை அச்சிட்டவர் காலந்தோறும் மாற்றிக்கொண்டார்.

கையசைவை நம்பாத இன்னொரு வழியும் இருட்டறையில் இருந்தது. ஸ்லைடு அல்லது நெகடிவிலிருந்து மிக மெல்லிய, சற்றே கலங்கலான மாற்றுப் பிரதி ஒன்றை எடுத்து, அதை மூலத்தோடு சேர்த்துப் பொருத்தி அச்சிடுவார்கள். மூலத்தில் வெளிச்சமான இடத்தில் பிரதி அடர்த்தியாக இருந்து ஒளியைத் தடுக்கும்; இருண்ட இடத்தில் விட்டுவிடும். படமே தனக்கு மாஸ்க்காகிறது. வண்ண அச்சுக்காரர்கள் இதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் வந்த ‘லுமினாசிட்டி மாஸ்க்’குக்கு இதுவே முன்னோடி.

பாதி இருண்ட கண்ணாடி

வண்ண ஸ்லைடு படச்சுருள் பரவியபோது சிக்கல் கூர்மையானது. அது தாங்கும் ஒளி வேறுபாடு ஐந்தாறு ஸ்டாப்தான். அச்சிடும்போது திருத்தவும் வழி குறைவு. எடுக்கும்போதே வானத்தை அடக்க மேற்பாதி கறுத்து, கீழ்ப்பாதி தெளிந்திருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் கைகொடுத்தது. பிரான்சில் ஜான் கொக்கான் 1970-களின் இறுதியில் தொடங்கிய கொகின் நிறுவனத்தின் சட்டமும் சதுர வடிகட்டிகளும் இதை எளிய விலையில் பரப்பின. நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் வகையை அமெரிக்க மலைக்காட்சிக் கலைஞர் கேலன் ரோவெல், சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்துப் புகழ்பெறச் செய்தார்.

கண்ணாடி ஃபில்டருக்கு ஒரே குறை: அதன் எல்லை நேர்கோடு. கடலிலும் சமவெளியிலும் அது பொருந்தும். மலையோ மரமோ கோபுரமோ கோட்டுக்கு மேலே எழுந்தால் அதன் உச்சியும் சேர்ந்து கறுத்துவிடும். எந்த வடிவத்துக்கும் வளையும் ஃபில்டர் தேவைப்பட்டது. அது கணினியில் கிடைத்தது.

லேயர் மாஸ்க்

டிஜிட்டல் மாஸ்க்கின் வேர் திரைப்படத் துறையில் உள்ளது. ஒரு காட்சியின் பகுதியை மறைத்து மற்றொன்றை அங்கே பதிக்கும் ‘மேட்’ முறை மௌனப்படக் காலத்திலேயே வழக்கில் இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றோடு ‘எவ்வளவு தெரிய வேண்டும்’ என்று சொல்லும் நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவே ஆல்ஃபா சேனல். லூகாஸ்ஃபிலிமில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் இதற்கான கணித விதிகளை வகுத்து வெளியிட்டார்கள்.

தாமஸ் நோல் 1987-இல் எழுதத் தொடங்கிய நிரலும், லூகாஸ்ஃபிலிமின் காட்சிநுட்பப் பிரிவில் வேலை பார்த்த அவர் சகோதரர் ஜானின் ஊக்கமும் சேர்ந்து போட்டோஷாப்பாகி, 1990 பிப்ரவரியில் அடோபி வழியே வெளிவந்தது. தொடக்கப் பதிப்புகளில் ஒரு படத்தின் மேல் மற்றொன்றை ஒட்டித் தேர்வை நீக்கிவிட்டால் இரண்டும் கலந்துவிடும், பிரித்தெடுக்க முடியாது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பு லேயர்களையும் லேயர் மாஸ்க்கையும் கொண்டுவந்தது. 1996-இன் நான்காம் பதிப்பு, படத்தைத் தொடாமல் வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேர்த்தது. மாஸ்க்கைச் சிவப்பு நிறப் படலமாகக் காட்டும் வழக்கம், அச்சகங்களில் வெட்டி ஒட்டிய ரூபிலித் என்ற சிவப்பு மறைப்புத்தாளிலிருந்து வந்தது.

செயல்முறை இதுதான். கேமராவை முக்காலியில் நிறுத்தி, நிலத்துக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுக்கப்படும். நிலத்துக்கான படம் கீழ் அடுக்கிலும் வானத்துக்கான படம் மேல் அடுக்கிலும் வைக்கப்படும். மேல் அடுக்கில் மாஸ்க் சேர்த்தால் படத்தின் அளவிலேயே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உருவாகும். அதில் வெள்ளை உள்ள இடத்தில் மேல் அடுக்கு தெரியும். கறுப்பு உள்ள இடத்தில் மறைந்து கீழ் அடுக்கு தெரியும். சாம்பல் உள்ள இடத்தில் இரண்டும் கலக்கும். சாதாரண எட்டு பிட் மாஸ்க்கில் சுழியம் முதல் 255 வரை 256 படிகள். தொடுவானம் நேராக இருந்தால் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரு கிரேடியண்ட் இழுத்தால் போதும்; கண்ணாடி ஃபில்டரின் வேலை முடிந்தது. மலைமுகடு இருந்தால் ஒளிபுகுதிறன் குறைந்த தூரிகையால் சிறிது சிறிதாகத் தீட்ட வேண்டும். கிளையும் இலையும் வானத்தோடு பின்னியிருந்தால் தூரிகை தோற்கும். அப்போது படத்தின் வெளிச்ச அளவையே மாஸ்க்காக நகலெடுப்பது வழி. அமெரிக்க ஒளிப்படக்காரர் டோனி கைப்பர் 2006 முதல் இந்த லுமினாசிட்டி மாஸ்க் முறையை விளக்கி எழுதிப் பரப்பினார்.

பழைய முறைகளிலிருந்து இதைப் பிரிக்கும் பெரிய வசதி, எதுவும் அழிவதில்லை என்பதுதான். வெயில் சட்டத்தில் அட்டை நழுவினால் தாள் போயிற்று. மாஸ்க்கில் தவறாகக் கறுப்பு தீட்டிவிட்டாலும் அதன் மேல் வெள்ளை தீட்டினால் சரியாகிவிடும். ஆனால் டிஜிட்டல் சென்சாருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நெகடிவ் படச்சுருள் அளவுக்கு மீறிய வெளிச்சத்திலும் ஏதேனும் விவரத்தை மிச்சம் வைக்கும். சென்சாரின் புள்ளி நிரம்பிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் இல்லை. வெளுத்துவிட்ட வானத்தை எந்த மாஸ்க்காலும் மீட்க முடியாது. வானத்துக்கென்று குறைந்த ஒளியில் ஒரு படம் எடுத்து வைப்பது இன்றும் முதல் பாடமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கையை விட்டு நழுவிய மாஸ்க்

மாஸ்க் தீட்டும் வேலையைக் கணக்குக்கு விட்டுவிடும் முயற்சிகளும் உடன் வளர்ந்தன. 1997-இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும், வெவ்வேறு ஒளியில் எடுத்த பல படங்களிலிருந்து காட்சியின் முழு ஒளி அளவையும் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். இதன் வழியே எச்டிஆர் என்ற பெயர் 2000-களில் எங்கும் பரவியது. எல்லா இடத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்ட படங்கள் அந்தக் காலத்தில் மலிந்தன. 2010-இல் ஐபோன் எச்டிஆர் வசதியைப் பெற்றது; பிறகு கூகுளின் போன்கள் பல படங்களை ஒரு நொடிக்குள் எடுத்து இணைத்தன. கையில் போன் வைத்திருப்பவர் அறியாமலே வானமும் நிலமும் தனித்தனியே சரிசெய்யப்படுகின்றன.

2020 அக்டோபரில் போட்டோஷாப் வானத்தைத் தானே கண்டறிந்து, மாஸ்க் வரைந்து, வேறு வானத்தைப் பொருத்தும் கட்டளையைத் தந்தது. நிலத்தின் நிறத்தையும் புதிய வானத்துக்கு ஏற்றபடி அது மாற்றும். 2021-இல் அடோபியின் மற்றொரு மென்பொருளான லைட்ரூமும் ஒரே சொடுக்கில் வானத்தைத் தேர்ந்தெடுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் மேக நெகடிவ் வணிகமும் அதன் பிழைகளும் இத்துடன் புது வடிவில் திரும்பின: எதிர்த்திசையில் விழும் நிழல், நீரில் இல்லாத மேகம், ஊரெல்லாம் ஒரே அந்திவானம்.

செய்தித் துறை இங்கே தெளிவான கோடு போட்டுள்ளது. வெளிச்சத்தை ஓரளவு கூட்டிக் குறைப்பதை அது ஏற்கும். படத்தில் இல்லாததைச் சேர்ப்பதையும் இருப்பதை நீக்குவதையும் ஏற்காது. 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அத்தகைய திருத்தங்களால் நீக்கப்பட்டது. மற்ற துறைகளில் எல்லை அவ்வளவு இறுக்கமில்லை. எனினும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு படங்களை இணைப்பது கேமராவின் குறையை ஈடுசெய்வது. வேறொரு நாளின் வானத்தைக் கொண்டுவந்து வைப்பது புதிய காட்சியைப் புனைவது. இரண்டுக்கும் பயன்படும் கருவி ஒன்றே என்றாலும், செய்யும் வேலைகள் வேறு.